மலைநாட்டு மொரிஸ் மைனருக்கு எந்த டிஃபரன்ஷியல்?

மொரிஸ் மைனரின் பின் அச்சுக்குள் ஒரு கிரவுன் வீலும் ஒரு பினியனும் இருக்கின்றன. எஞ்சின் தரும் சக்தி சக்கரத்தில் இழுவையாக இறங்குமா, ஓட்டமாக இறங்குமா என்பதை இந்த இரண்டின் பல் கணக்கே முடிவு செய்கிறது. விகித எண் பெரிதானால் கார் நன்றாக இழுக்கும். சிறிதானால் அதே சுழற்சியில் கூடுதல் தூரம் ஓடும். பிரித்தானியாவில் மைனர் வைத்திருப்போர் பலர், எம்.ஜி. மிட்ஜெட் காரில் வந்த 3.9 விகித டிஃபரன்ஷியலைத் தேடிப் பிடித்துப் பொருத்துகிறார்கள். அகன்ற நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் ஓடுபவர்களுக்கு அது பொருந்தும். அதே யோசனையை ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பின்பற்றினால் பணமும் போகும், காரின் இழுவையும் போகும். மலைநாட்டில் செய்யத் தக்க மாற்றம் இதற்கு நேர் எதிரானது. செலவும் அதற்குத்தான் குறைவு.

இதற்கான சான்றைத் தொழிற்சாலையின் கணக்கிலேயே காணலாம். 1952இல் மைனருக்கு 803 சீ.சீ. எஞ்சின் வந்தது, அதன் சக்தி 30 குதிரைவலு. அந்தக் காருக்கு நிறுவனம் ஐந்துக்கு மேற்பட்ட விகிதத்தைக் கொடுத்து, பிறகு 5.375 என்று நிலைநிறுத்தியது. 1956இல் வந்த 948 சீ.சீ. எஞ்சின் 37 குதிரைவலு, அதற்கு 4.55. 1962இல் வந்த 1098 சீ.சீ. எஞ்சின் 48 குதிரைவலு, அதற்கு 4.22. எஞ்சினின் பலம் கூடக் கூட விகிதத்தைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். இந்தக் குதிரைவலு எண்களெல்லாம் கடல் மட்டக் காற்றில் அளந்தவை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு, எஞ்சினின் சக்தியும் அந்த அளவுக்குக் குறையும். ஆகவே கிரகறி வாவிக் கரையில் நிற்கும் 948 எஞ்சினின் பலம் சுமார் 31 குதிரைவலுதான். அதாவது, தொழிற்சாலையே 5.375 கொடுத்து அனுப்பிய பழைய 803-இன் பலம். 1098 எஞ்சின் நாற்பதுக்கு இறங்கி, ஏறத்தாழ 948-இன் நிலைக்கு வருகிறது. அப்படியானால் மலையில் வாழும் 1098 காருக்குப் பொருத்தமான விகிதம் 4.55. 948 காரில் அது ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கழற்றி 3.9 போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இரண்டாம் கியரைப் பார்த்தால் விடயம் இன்னும் தெளிவாகும். மைனரின் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. றம்பொடை ஏற்றத்திலோ கினிகத்தேனை வளைவிலோ ஓடிக்கொண்டிருக்கும்போது அதை முதல் கியருக்கு இறக்குவது பழகிய கைக்கே கடினம். பெரும்பாலானோர் வண்டியை நிறுத்தித்தான் போடுவார்கள். பின்னால் தனியார் பஸ் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும்போது ஏற்ற வளைவில் நிற்பது ஆபத்து. ஆகவே மலைநாட்டில் மைனருக்கு உயிர்நாடி இரண்டாம் கியர்தான். 948 காரில் கியர் பெட்டியையும் அச்சையும் சேர்த்துக் கணக்கிட்டால் இரண்டாம் கியரின் மொத்த விகிதம் 10.8. அச்சில் 3.9 போட்டால் அது 9.3க்கு விழுகிறது, இழுவையில் ஏழில் ஒரு பங்கு போய்விட்டது. 1098 காரின் பெட்டியில் இரண்டாம் கியர் சற்று வேறானது. அங்கே மொத்த விகிதம் 9.2. அச்சை 4.55க்கு மாற்றினால் 9.9 ஆகும். குடும்பத்தோடும் மரக்கறி மூட்டையோடும் கந்தப்பளைப் பக்கம் ஏறும் காருக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல. இறக்கத்திலும் இதே கணக்குத்தான். விகிதம் பெரிதானால் எஞ்சின் வண்டியைக் கூடுதலாகப் பிடித்து நிறுத்தும்; டிரம் பிரேக்கை மட்டும் நம்பி நானுஓயா இறக்கத்தில் வருபவருக்கு அது பெரிய காவல்.

பெற்றோல் கூடுதலாகக் குடிக்குமே என்பது முதல் ஆட்சேபம். 2022 ஜூன் இறுதியில் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனதைக் கண்ட நாட்டில் இந்தக் கவலையைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் சிறிய விகிதம் பெற்றோலை மிச்சப்படுத்துவது நான்காம் கியரில் நெடுந்தூரம் ஓடும்போது மட்டும். தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் அப்படி ஓட எவ்வளவு இடம் கிடைக்கிறது? மூன்றாம் கியரில் ஏறவேண்டிய இடத்தில் இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு ஏறினால் மிச்சம் ஏதும் இராது. கொழும்புக்குப் போகும்போது எஞ்சின் கத்தும் என்பது அடுத்த ஆட்சேபம். 4.55 விகிதத்தில் மணிக்கு 70 கிலோமீட்டரில் எஞ்சின் சுமார் 2,900 சுற்றுச் சுற்றும். எஞ்சின் தன் முழுச் சக்தியைத் தருவது 4,750 சுற்றுக்கு மேல்தான் என்பதால் இது அதை வருத்தும் வேகமே அல்ல. என்றாலும் வாராவாரம் கொழும்புக்கு ஓடும் 1098 கார் 4.22-உடனேயே இருக்கட்டும், அந்த ஓட்டத்துக்கு அது சரியானது.

ஜப்பான் எஞ்சினையும் அச்சையும் போட்டுவிட்டால் தொல்லை தீருமே என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. அதை மாற்றினால் மோட்டார் வாகனத் திணைக்களத்தில் பதிய வேண்டும். அச்சை அறுத்து வெல்டிங் செய்யவேண்டும், புரொப்பெல்லர் ஷாஃப்டை லேத்தில் கொடுத்துக் குறுக்கவேண்டும், பிரேக் பைப்பை மாற்றவேண்டும். டிஃபரன்ஷியலை மட்டும் மாற்றுவதற்கு இதில் ஒன்றும் தேவையில்லை. மைனரின் அச்சு வீட்டிலிருந்து டிஃபரன்ஷியல் முழுசாக முன்பக்கம் கழன்று வரும். அரை அச்சுகளைக் கொஞ்சம் வெளியே இழுத்து, புரொப்பெல்லர் ஷாஃப்டின் நான்கு போல்ட்டுகளைக் கழற்றினால் வேலை பாதி முடிந்தது. 948 காரிலிருந்து வரும் 4.55 டிஃபரன்ஷியல் 1098 காரில் அப்படியே உட்காரும்.

குறைந்த செலவு என்பதற்காகக் கிரவுன் வீலை ஓரிடத்திலும் பினியனை வேறோரிடத்திலும் வாங்கிச் சேர்க்கவே கூடாது. இரண்டும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட சோடி. பிரித்தால் ஊளையிடும், சீக்கிரம் பல் உடையும். பூட்டிய நிலையில் முழு டிஃபரன்ஷியலாக வாங்குவதுதான் மலிவு. மிஞ்சும் பணத்தைப் புதிய கேஸ்கட்டுக்கும் சக்கர ஒயில் சீலுக்கும் செலவிடுங்கள். சீல் கசிந்தால் ஒயில் பின் பிரேக் பட்டியில் இறங்கும். இறக்கத்தில் அதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை. ஒயில் ஹைப்பொயிட் 90, ஒரு லீற்றருக்கும் குறைவாகவே பிடிக்கும். 1098 காரில் 4.55 போட்டபின் வேகமானி உண்மையை விடச் சுமார் எட்டு வீதம் கூட்டிக் காட்டும்.

பஞ்சிகாவத்தையிலோ உள்ளூர்க் கராஜிலோ வாங்கும்போது விற்பவரின் வாய்ச்சொல்லை ஏற்றுக்கொள்ளாதீர்கள். கிரவுன் வீலில் 41 பல்லும் பினியனில் 9 பல்லும் இருந்தால் அது 4.55. 38-உம் 9-உம் என்றால் 4.22. எண்ணிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.