ஐரோப்பிய நதிகளைக் காணும் வகை

கடல் கடந்து பிரயாணஞ் செய்வோர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. ஜெர்மனி தேசத்துச் சர்வகலாசாலைகளிற் பயிலும் அயல்நாட்டு மாணவருள் 2022-23-ஆம் கல்வியாண்டு முதல் இந்தியரே எண்ணிக்கையில் முதலிடம் பெற்றிருக்கின்றனர். இங்ஙனம் சென்று பயில்வோரும், படிப்பு முடிந்து அங்கேயே உத்தியோகத்தில் அமர்ந்தோரும், ஊரிலிருக்கும் தாய் தந்தையரை ஒருமுறையேனும் வரவழைத்து அந்நாடுகளைக் காட்ட விழைதல் இயல்பே. அம்முதியோர் பலர்க்கு அஃது ஆயுளில் ஒரே கடல் கடந்த பிரயாணமாக முடியும். செலவாகும் பணமோ பல்லாண்டுச் சேமிப்பு. ஆதலின், எவ்வழியிற் செல்வது என்னும் வினாவை விளம்பரத் தாள்களின் வண்ணப் படங்களுக்கு விட்டுவிடாது, நாமே ஆராய்ந்து தெளிதல் நன்று.

அவ்விளம்பரங்களில் முதன்மை பெறுவன ரைன், டான்யூப் என்னும் இரு பெருநதிகளில் ஒரு வாரம் செல்லும் உல்லாசக் கப்பல்கள். இவற்றை விடுத்து, இரயில், பகற்படகு, மிதிவண்டி ஆகியவற்றின் துணைகொண்டு அந்நதிகளைக் கண்டு வருதலும் கூடும். இவ்விரண்டனுள் எது சிறந்தது எனப் பொதுவாக வினவின் விடை கிடையாது. எந்நதியின் எப்பகுதியை, எப்பொழுதில், யார் காண விரும்புகின்றனர் என்று பிரித்து வினவின், விடை தானே விளங்கும்.

கப்பலின் இயல்பு

நதிக்கப்பல் கடற்கப்பலைப் போன்றதன்று. அது நீண்டு, ஒடுங்கி, தாழ்ந்திருக்கும். பெரும்பாலானவை சுமார் 135 மீட்டர் நீளமும் 11.4 மீட்டர் அகலமும் உடையன. இவ்வகலத்திற்குக் காரணம் உண்டு. ரைனையும் டான்யூபையும் இணைக்கும் நீர்வழியிலுள்ள மதகுகள் 12 மீட்டர் அகலமே உடையன. அவற்றினுள் நுழையத்தக்க அளவிலேயே கப்பல் கட்டப்படுகின்றது. மெயின்-டான்யூப் கால்வாய் என்னும் அவ்விணைப்பு 171 கிலோமீட்டர் நீளமுடையது. 1992-ஆம் ஆண்டில் முடிவு பெற்றது. பாலங்கள் தாழ்ந்திருக்கும் இடங்களில் மாலுமியின் அறையே கீழே இறக்கப்படும். அப்பொழுது மேற்றளத்தில் ஒருவரும் இருத்தல் கூடாது.

இத்தகைய கப்பலில் சுமார் 150 முதல் 190 பேர் வரை செல்வர். ஒருமுறை பெட்டியைத் திறந்து வைத்தால் வாரம் முழுவதும் மீண்டும் கட்ட வேண்டுவதில்லை. உணவும் உறக்கமும் ஓரிடத்திலேயே கிடைக்கும். நகரத்தின் நடுவிலேயே கப்பல் கரைசேரும். இவை பெருநன்மைகள். ஆயினும் மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். பகலில் ஊர்களைப் பார்க்க நின்று, இரவில் ஓடுவதே இக்கப்பல்களின் பொதுவழக்கம். ஆதலின் நதியைக் காணச் சென்றவர் நதியின் பெரும்பகுதியை உறக்கத்திற் கடந்துவிடுதல் உண்டு. துறைகளில் இடம் போதாமையால் இரண்டு மூன்று கப்பல்கள் பக்கத்தோடு பக்கமாகக் கட்டப்படும்; அப்பொழுது மிகுந்த வாடகை கொடுத்துப் பெற்ற அறையின் சாளரத்தில் அடுத்த கப்பலின் சுவரே காட்சியாகும். கீழ்த்தளத்து அறைகளிலோ, நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, திறக்கவியலாத சிறு சாளரமே இருக்கும்.

ரைன் நதி

ஸ்விட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையிற் பிறந்து, சுமார் 1,230 கிலோமீட்டர் ஓடி, ஹாலந்து தேசத்தில் வடகடலை அடைவது ரைன். ஆம்ஸ்டர்டாம் முதல் பாஸல் வரை கப்பல் செல்லும் வழி சுமார் 800 கிலோமீட்டர். இவ்வழி முழுவதும் ஒரே வனப்புடையதன்று. டூயிஸ்பர்க், லெவர்க்குஸன் முதலிய இடங்களில் காண்பவை ஆலைகளும் பண்டசாலைகளுமே. பாஸலுக்குக் கீழே நதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேராக்கப்பட்டது. பின்னர் அணைகளும் மதகுகளும் அமைந்தன.

யாவரும் புகழும் வனப்பு, பிங்கன் முதல் கோப்லென்ஸ் வரையுள்ள சுமார் 65 கிலோமீட்டர் மலையிடுக்கில் அடங்கியுள்ளது. உலகப் பாரம்பரியச் சின்னமாக 2002-இல் ஐக்கிய நாடுகளின் கல்விக் கழகத்தால் ஏற்கப்பட்டது இப்பகுதியே. இருபுறமும் செங்குத்தான சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். அவற்றின் மேல் கோட்டைகள். கவுப் என்னும் ஊரருகே நதியின் நடுவிலேயே, செல்லும் படகுகளிடம் சுங்கம் வாங்கும் பொருட்டு 14-ஆம் நூற்றாண்டில் எழுந்த கோட்டை ஒரு கற்கப்பலைப் போல் நிற்கின்றது. 132 மீட்டர் உயரமுள்ள லோரெலைப் பாறை, ஹைன் என்னும் கவிஞர் 1824-இல் இயற்றிய பாடலால் உலகறிந்ததாயிற்று. மைன்ஸ் நகருக்கும் கோப்லென்ஸுக்கும் இடையே இன்றும் ரைனின்மீது பாலம் ஒன்றுமில்லை. ஊர்மக்கள் ஓடங்களிலேயே கரை கடக்கின்றனர்.

இப்பகுதியைக் காண ஒரு வாரக் கப்பல் இன்றியமையாததன்று. கொலோன் நகருக்கும் மைன்ஸுக்கும் இடையே 1827-ஆம் ஆண்டிலேயே ஒழுங்காக நீராவிப் படகுகள் ஓடத் தொடங்கின. இன்றும் வேனிற்காலத்தில் பகற்படகுகள் ஓடுகின்றன. கோப்லென்ஸிலிருந்து ரூடஸ்ஹைம் வரை நீரோட்டத்தை எதிர்த்துச் செல்லச் சுமார் ஆறு மணி நேரமும், திரும்பி வரச் சுமார் நான்கு மணி நேரமும் ஆகும். நிதானமாகக் காண விரும்புவோர் எதிர்நீரிற் செல்லுதலே நலம். அன்றியும், நதியின் இரு கரைகளிலும் இரயில் பாதைகள் உள. மைன்ஸிலிருந்து இடக்கரைப் பாதையிற் செல்லும் விரைவு வண்டி ஒரு மணி நேரத்திற்குள் கோப்லென்ஸ் சேரும். வலப்புறத்துச் சாளரத்தருகே அமர்ந்தால் நதி கண்ணை விட்டு அகலாது. ஆனால் கோட்டைகள் கண்டவுடனே மறைந்துவிடும். இடையிடையே சுரங்கங்களும் வரும்.

சிக்கனமாகச் செல்லும் மாணவர்க்கு ஓர் உபாயம் கூறுவோம். ஜெர்மனி முழுவதும் சாதாரண வண்டிகளில் ஏறத்தக்க மாதச் சீட்டு ஒன்று 2023 மே மாதத்தில் 49 யூரோவுக்குத் தொடங்கப்பெற்று, 2025-இல் 58 யூரோவாகவும், 2026-இல் 63 யூரோவாகவும் உயர்ந்தது. அச்சீட்டுடையோர் இவ்விரு கரைகளிலும் வேண்டிய இடத்தில் இறங்கி ஏறலாம். பாகராக் என்னும் சிற்றூரின்மேல் நிற்கும் ஷ்டாலெக் கோட்டை, 1689-இல் பிரெஞ்சுப் படையால் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் எழுப்பப்பட்டு, இப்பொழுது இளைஞர் விடுதியாக இருக்கின்றது. கோட்டையிற் படுத்துறங்கி, காலையிற் படகேறும் மாணவன், பெருஞ்செல்வர் கண்டதிற் குறைவாக ஒன்றும் கண்டானல்லன்.

டான்யூப் நதி

டான்யூப் நதியின் நிலை வேறு. சுமார் 2,850 கிலோமீட்டர் நீளமுடைய இந்நதி பத்து தேசங்களைத் தொட்டு ஓடிக் கருங்கடலிற் கலக்கின்றது. பிரயாணிகள் பெரிதும் விரும்புவது பஸ்ஸாவிலிருந்து வியன்னா வழியாகப் புடாபெஸ்ட் வரையுள்ள சுமார் 580 கிலோமீட்டர்.

ரைனுக்கு இரு கரையிலும் இரயில் உண்டென்றோம். இங்கோ, பஸ்ஸாவுக்குக் கீழே நதி மலைகளினூடே வளைந்து வளைந்து செல்ல, இரயில் பாதை அதனை விட்டு விலகி உள்நாட்டின் வழியே லின்ஸ் நகரை அடைகின்றது. ஷ்லோகன் என்னுமிடத்தில் நதி ஏறக்குறைய வந்த திசைக்கே திரும்பும் அரிய காட்சியை இரயிலில் அமர்ந்தோர் காண்பதற்கில்லை. மெல்க் முதல் கிரெம்ஸ் வரை சுமார் 36 கிலோமீட்டர் நீளமுள்ள வாகௌ பள்ளத்தாக்கும் விரைவு வண்டியிற் செல்வோர்க்குப் புலப்படாது. மெல்க் குன்றின்மேலுள்ள துறவியர் மடத்தையும், இங்கிலாந்து மன்னன் ரிச்சர்ட் 1192-ஆம் ஆண்டின் இறுதியிற் சிறைப்பட்ட டூர்ன்ஸ்டைன் கோட்டையையும் உடைய இப்பள்ளத்தாக்கு, 2000-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. பஸ்ஸாவிலிருந்து விரைவு வண்டி இரண்டரை மணி நேரத்திற்குள் வியன்னாவிற் சேர்த்துவிடும். ஆனால் வாகௌவைக் காட்டாது. “டான்யூப் வழியே சென்றோம்” என்று கூறும் இரயில் பிரயாணி, அந்நதியின் சிறந்த இரு பகுதிகளையும் காணாதவனே ஆவான்.

ஆதலின் இங்கே கப்பலின் பக்கம் நியாயம் மிகுதி. எனினும் கரைவழி முற்றும் அடைபட்டதன்று. முற்காலத்தில் படகுகளை எதிர்நீரிற் குதிரைகள் இழுத்துச் சென்ற கரைப்பாதைகளே இன்று மிதிவண்டிப் பாதையாகத் திருந்தியுள்ளன. பஸ்ஸாவிலிருந்து வியன்னா வரை 300 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட இவ்வழி, நீரோட்டத்தோடு செல்வதால் ஏற்றம் மிகக் குறைவு. ஒரு வாரத்தில், வருத்தமின்றி, இளைஞரேயன்றி நடுவயதினரும் செல்லலாம். அதுவும் இயலாதவர்க்கு மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் இடையே வேனிற்காலத்தில் பகற்படகு உண்டு.

வியன்னாவுக்கு அப்பால், பிராட்டிஸ்லாவாவிலிருந்து ஷ்டுரோவோ வழியாகப் புடாபெஸ்ட் செல்லும் இரயில் பாதை, நதி தெற்கு நோக்கித் திரும்பும் அழகிய வளைவில் கரையை ஒட்டியே செல்லும். இங்கும் வலப்புறத்துச் சாளரமே தக்கது. புடாபெஸ்டுக்குக் கீழேயும் செல்ல விரும்பும் நம்மவர் ஒன்றைக் கருதுதல் வேண்டும். ஸெர்பியா தேசம் ஷெங்கன் உடன்படிக்கையில் சேராதது. பெல்கிரேட் சென்று மீண்டும் உடன்படிக்கை நாடுகளில் நுழைய வேண்டுமாயின், பன்முறை நுழைதற்குரிய அனுமதி பெற்றிருத்தல் அவசியம். இதனைக் கவனியாதார் நடுவழியில் இடர்ப்படுவர்.

நீரின் ஏற்றமும் இறக்கமும்

கப்பலைத் தேர்வோர் மறத்தற்கரிய செய்தி ஒன்றுண்டு. ரைன் நதியில் இஃபெட்ஸ்ஹைம் என்னுமிடத்திற்குக் கீழே ஜெர்மனியில் அணையில்லை. ஆதலின் மழை குறைந்தால் நீரும் குறையும். கவுப் துறையின் அளவுகோலில் நீர்மட்டம் 2018 அக்டோபரில் 25 சென்டிமீட்டராகவும், 2022 ஆகஸ்டில் 32 சென்டிமீட்டராகவும் இறங்கிற்று. இவை அளவுகோலின் எண்களேயன்றி நதியின் ஆழமல்ல; கப்பல் செல்லும் தடத்தில் ஆழம் இதனினும் ஒரு மீட்டருக்கு மேல் மிகுதியாகும். எனினும், இத்தகைய காலத்தில் கப்பல்கள் நிற்பதும், பிரயாணிகள் பேருந்துகளில் ஏற்றப்படுவதும் உண்டு. டான்யூபில் ஷ்ட்ராவுபிங் முதல் வில்ஸ்ஹோஃபன் வரையுள்ள பகுதியும் அணையின்றி ஓடுவதால் இதே நிலையை அடையும். வெள்ளமும் இடையூறே. 2013 ஜூனில் பஸ்ஸாவில் நீர் 12.89 மீட்டர் வரை உயர்ந்தது. 2024 செப்டம்பர் வெள்ளத்திலும் கப்பல்கள் வியன்னாவில் நிற்க நேர்ந்தது.

இரயிற் பிரயாணி நாளை மாற்றிக்கொள்ளலாம். கப்பற் பிரயாணியோ முன்பணம் முழுவதையும் கொடுத்துவிட்டவன். ஆகவே, கப்பல் நின்றால் பணம் திரும்புமா, அன்றி வேறு கப்பலுக்கு மாற்றுவார்களா என்பதை எழுத்தில் உள்ள நிபந்தனைகளைப் படித்தறிந்தே பணம் கட்டுதல் வேண்டும்.

யார்க்கு எது?

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாதெனின், இவ்விரு நதிகளிலும் காணத்தக்க பகுதி சிறிது. அதனைப் பகலில், மெல்லச் சென்று, காணுதலே பயன் என்பதாம்.

மாணவரும் உடல்வலிமை உடையோரும் ரைனுக்கு இரயிலும் ஒருநாட் படகும், டான்யூபுக்கு மிதிவண்டியும் கொள்க. தனித்துச் செல்வோர்க்கும் இதுவே தக்கது. இருவர்க்குரிய கப்பலறையில் ஒருவர் தங்கின் பெரும்பாலும் மிகுபணம் கேட்பர். பத்து நாள் விடுமுறையிற் செல்லும் தம்பதியர் ஓர் ஊரில் மூன்று நாள் தங்கி, அங்கிருந்து படகேறி வருதல் செலவுக்கும் மனநிறைவுக்கும் ஏற்றது.

முதியோர்க்கு முடிவு வேறு. பெட்டி சுமந்து வண்டி மாறுதல், நிலையப் படிகளில் ஏறியிறங்குதல், நாள்தோறும் புதிய விடுதியில் உணவு தேடுதல் ஆகியன அறுபத்தைந்து வயதைக் கடந்தோர்க்கு இன்பத்தைக் கெடுப்பன. அவர்கட்குக் கப்பலே பொருத்தம். இது ஆடம்பரமன்று, அவர்கள் காணும்படி செய்யும் சாதனம். ஆயினும் பிள்ளைகள் சிலவற்றை முன்னரே கேட்டறிதல் கடமை. மலையிடுக்கையும் வாகௌவையும் கப்பல் எத்தனை மணிக்குக் கடக்கின்றது? மின்தூக்கி எல்லாத் தளங்களுக்கும் செல்லுமா? புலாலுண்ணாதார்க்குத் தக்க உணவு நாள்தோறும் கிடைக்குமா? டிசம்பர் மாதத்தில் மாலை நாலரை மணியளவில் கொலோனில் பொழுது சாய்ந்துவிடும். ஜூனிலோ இரவு ஒன்பதரை வரை வெளிச்சமிருக்கும். நதியின் வனப்பைக் காணச் செல்வோர்க்கு இவ்வேற்றுமை சிறிதன்று.

பெற்றோர் கப்பலின் மேற்றளத்தில் ஒரு நாற்காலியில் அமர்ந்து, மலையும் கோட்டையும் தம்முன் மெல்ல நகர்ந்து செல்வதைக் காணும் அந்த அரைநாளின் பொருட்டே இவ்வளவு செலவும். அவ்வரைநாள் இரவில் கழிந்துவிடுமாயின், எஞ்சிய ஆறரை நாளும் உண்டும் உறங்கியும் திரும்பியதாகவே முடியும். ஆகவே முதலில் நதியையும், பின்னர் அதன் பகுதியையும், அதன்பின் மாதத்தையும் நேரத்தையும் தெரிந்து, இறுதியாகவே வாகனத்தைத் தெரிந்துகொள்க. இம்முறை பிறழாது ஆராய்வோர், கப்பலிற் சென்றாலும் கரைவழிச் சென்றாலும், காணச் சென்றதைக் கண்டே திரும்புவர்.