சாட்சிக் கூண்டில் செல்போன்

குற்றங்களின் தடயம் செல்போனுக்குள்ளும் கம்ப்யூட்டருக்குள்ளும் குடிபுகுந்துவிட்டது. அதைச் சிதையாமல் எடுத்து, கோர்ட்டில் விளக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது.

சித்தூருக்குப் பக்கத்திலுள்ள காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் சாட்சிக்குப் பெயர்போனவர். கடன் வாங்கவில்லை, களவு செய்யவில்லை என்று சாதிப்பவரை அழைத்துவந்து சன்னதியில் சத்தியம் செய்யச் சொல்வது இந்த வட்டாரத்து வழக்கம். பொய்ச் சத்தியம் செய்தால் பிள்ளையார் சும்மா விடமாட்டார் என்பது நம்பிக்கை. 'காணிப்பாக்கம் வரத் தயாரா?' என்றுதான் அரசியல்வாதிகளும் சவால் விடுகிறார்கள். கோர்ட் கேட்கும் சாட்சியோ இப்போது பெரும்பாலும் சட்டைப் பைக்குள் இருக்கிறது.

2022 ஏப்ரல் 27. பத்தாம் வகுப்புத் தெலுங்குத் தேர்வன்று வினாத்தாளின் படம் சித்தூரில் வாட்ஸ்அப் குழு ஒன்றில் வலம்வந்தது. அது கங்காதர நெல்லூர் மண்டலத்தின் நெல்லேபள்ளித் தேர்வு மையத்திலிருந்து கிளம்பியது என்றது போலீஸ். முன்னாள் அமைச்சர் ஒருவர் கைது, மறுநாளே ஜாமீன் என்று விவகாரம் சூடுபிடித்தது. அரசியல் எப்படியிருந்தாலும், இதுபோன்ற வழக்கின் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: முதலில் அனுப்பியது யார்? வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்படுகிறது. எடுத்த நேரம், இடம் போன்ற உள்குறிப்புகள் உதிர்ந்துவிடுகின்றன. எனவே படம் மட்டும் போதாது. கைமாறிய வழியே பின்னோக்கிப் போய், முதல் செல்போனை ஆராய வேண்டும்.

திருப்பதியில் வேறு ரகம். 2023 ஏப்ரலில், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பெயரில் இயங்கிய போலி இணையதளம் ஒன்றின் மீது வழக்குப் பதிவானது. அது 41வது போலி. உண்மை முகவரியில் புள்ளி இருந்த இடத்தில் சிறு கோடு, கடைசியில் வேறு மூன்றெழுத்து. அவசரமாக டிக்கெட் எடுக்கும் பக்தரின் கண்ணில் இதெல்லாம் படாது. பணம் போன வழியைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவை.

தொடாமல் எடுக்கும் வித்தை

இவர்கள் செய்வது ஹாக்கிங் என்று நினைத்தால் தவறு. வேலையின் முதல் பாடம், தடயத்தில் கை வைக்காமலிருப்பது. கைப்பற்றிய செல்போனை உடனே நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கிறார்கள். இல்லாவிட்டால் எங்கோ இருக்கும் கூட்டாளி அதிலுள்ளதையெல்லாம் அழித்துவிடலாம். ஹார்ட் டிஸ்க் என்றால், அதில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவியைப் பொருத்தி முழு நகல் எடுக்கிறார்கள். நகலும் மூலமும் ஒன்றே என்பதற்கு அத்தாட்சி 'ஹாஷ்' என்ற எண். ஒரே ஒரு எழுத்து மாறினாலும் இந்த எண் அடியோடு மாறிவிடும். பிறகு ஆய்வெல்லாம் நகலில்தான்.

அழித்த ஃபைல் திரும்பக் கிடைக்குமா? பழைய ஹார்ட் டிஸ்க்கில் பல நேரங்களில் கிடைக்கும்; அங்கே அழிவது பெயர்ப்பலகைதான், சரக்கு கொஞ்ச காலம் கிடக்கும். பூட்டுச் சங்கேதத்தோடு வரும் இன்றைய செல்போன்களில் அது கடினம். சினிமாவில் வருவதுபோல் இரண்டு நிமிடத்தில் எதுவும் நடப்பதில்லை.

சான்றிதழ் இல்லாவிட்டால்...

2001ல் பார்லிமென்டைத் தாக்கியவர்கள் காரில் ஒட்டியிருந்த போலி உள்துறை ஸ்டிக்கர் எங்கே உருவானது என்பதை, ஒரு லேப்டாப்பை ஆராய்ந்து சொன்னது ஹைதராபாத் தடயவியல் பிரிவு. சென்னையில் 2004ல், ஒரு பெண்ணை இழிவுபடுத்தி இணையக் குழுவில் எழுதியவருக்கு எழும்பூர் கோர்ட் தண்டனை தந்தது. அந்த வழக்கில் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றளித்துச் சாட்சி சொன்னவர் போலீஸ்காரர் அல்ல. சைபர் சட்ட நிபுணர் நா. விஜயசங்கர்.

சான்றிதழ் இல்லாவிட்டால் என்னாகும்? கேரளத் தேர்தல் வழக்கு ஒன்றில், முறையான சான்றிதழ் இல்லாத சி.டி.க்களை 2014ல் சுப்ரீம் கோர்ட் ஏற்க மறுத்தது. 2024 ஜூலை 1ல் அமலுக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63வது பிரிவுப்படி சான்றிதழில் ஹாஷ் எண் இடம்பெற வேண்டும். அதன் ஒரு பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போவதையும் புதிய நடைமுறைச் சட்டம் கட்டாயமாக்குகிறது. மாநிலங்கள் இதை நிறைவேற்ற ஐந்தாண்டு அவகாசம். ஆட்களின் தேவை எங்கிருந்து வருகிறது என்பது இதிலிருந்தே புரியும்.

எப்படி நுழைவது?

கம்ப்யூட்டர் அறிவியல், எலக்ட்ரானிக்ஸ், பி.சி.ஏ., தடய அறிவியல் இவற்றில் ஒரு பட்டம் அடித்தளம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைபர் தடயவியலில் எம்.எஸ்சி. உண்டு. காந்திநகரில் தலைமையகம் கொண்ட தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் டிஜிட்டல் தடயவியலில் எம்.எஸ்சி. நடத்துகிறது. திருவனந்தபுரம் சி-டாக் இந்தத் துறைக்கான உள்நாட்டு மென்பொருட்களையே உருவாக்கியிருக்கிறது.

அரசு வேலை வேண்டுமானால் மத்திய, மாநில ஆய்வகங்களின் தேர்வு அறிவிப்புகளைக் கவனிக்க வேண்டும். வெளியே வங்கிகள், தணிக்கை நிறுவனங்கள், சாஃப்ட்வேர் கம்பெனிகள் இருக்கின்றன. சைபர் தாக்குதல் தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று 2022ல் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு உத்தரவிட்டபின், என்ன நடந்தது என்று உடனே சொல்லக்கூடியவர்கள் கம்பெனிகளுக்கு அவசியமாகிவிட்டார்கள்.

பயிற்சியைச் செலவில்லாமல் வீட்டிலேயே தொடங்கலாம். ஆட்டாப்ஸி, எஃப்.டி.கே. இமேஜர் இரண்டும் இலவசம். சொந்தப் பென் டிரைவில் சில ஃபைல்களை அழித்துவிட்டுத் தேடிப் பாருங்கள். வாட்ஸ்அப் செய்திகள் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுவதால் எஸ்.க்யூ.எல். கற்பது வீண்போகாது. தமிழும் தெலுங்கும் தெரிந்த சித்தூர்க்காரருக்குக் கூடுதல் வசதி: ஆங்கில எழுத்தில் கொச்சையாக அடித்த அரட்டையை எந்த மென்பொருளையும்விட அவர் நன்றாகப் புரிந்துகொள்வார்.

இரண்டு எச்சரிக்கைகள். 'இரண்டே மாதத்தில் சைபர் நிபுணர்' என்று கட்டணம் கேட்பவர்களிடம், அந்தச் சான்றிதழை எந்த ஆய்வகம் ஏற்கிறது என்று கேளுங்கள். அடுத்தவர் செல்போனை அனுமதியின்றித் துழாவுவது பயிற்சியாகாது. மூன்றாண்டு வரை சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம்.

இவ்வளவும் கற்றபின் எஞ்சுவது மனத்திடம். குறுக்கு விசாரணையில் வக்கீல் துளைப்பார். போலீஸ் எதிர்பார்த்த முடிவு போனுக்குள் இல்லாமலும் போகலாம். குற்றம் சாட்டப்பட்டவர் அந்த நேரத்தில் வேறு ஊரில் இருந்தார் என்று அது காட்டலாம். அதையும் விடாமல் எழுதுபவரின் அறிக்கையை நம்பித்தான் ஒருவர் சிறைக்குப் போகிறார் அல்லது வீட்டுக்குத் திரும்புகிறார்.