எது நம் உள்ளூர்?

மும்பை பாந்த்ரா-குர்லா வளாக மைதானத்தில் 2024 மார்ச் மாதம் ரஞ்சி கோப்பை அரை இறுதி ஆட்டம் நடந்தது. மோதியவை மும்பையும் தமிழ்நாடும்.

முதலில் ஆடிய தமிழ்நாடு 146 ரன்னில் சுருண்டது. பதிலுக்கு ஆடிய மும்பை 106 ரன் எடுப்பதற்குள் 7 விக்கெட்டுகளைப் பறிகொடுத்துத் தத்தளித்தது. தமிழ்நாடு கேப்டன் சாய் கிஷோரின் சுழற்பந்து அப்படி மிரட்டியது. ஆனால் ஷர்துல் தாக்குர் 109 ரன் விளாசி ஆட்டத்தையே மாற்றிவிட்டார். மும்பை 378 ரன் குவித்தது. இரண்டாவது இன்னிங்சில் 162 ரன்னோடு அடங்கிய தமிழ்நாடு, ஓர் இன்னிங்ஸ் 70 ரன் வித்தியாசத்தில் தோற்றது.

இந்தச் செய்திக்கு மும்பையில் வாசிக்கப்படும் தமிழ்ப் பத்திரிகை என்ன தலைப்புப் போட வேண்டும்? 'தமிழ்நாடு தோல்வி' என்றா? 'மும்பை வெற்றி' என்றா?

தாராவியில் ஓர் அறைக்குள் குடியிருக்கும் குடும்பத்திலேயே இதற்கு இரண்டு கட்சி இருக்கும். திருநெல்வேலியில் இருந்து வந்த தகப்பனாருக்கு அது தோல்வி. இங்கேயே பிறந்து, மராத்திப் பையன்களோடு சந்தில் கிரிக்கெட் ஆடும் மகனுக்கு அது வெற்றி. இரண்டு பேரும் படிப்பது ஒரே பத்திரிகை!

பகலில் ரெயில்வே குமாஸ்தா, மாலையில் பகுதி நேர நிருபர் என்று இரட்டைப் பிழைப்பு நடத்தும் எனக்கு, ஒவ்வொரு செய்தியை அனுப்பும்போதும் எழும் கேள்வி இதுதான்: எது நம் உள்ளூர்?

பெயரைப் பார்த்தா?

'ஆள் நம்மவரா?' என்று பெயரைப் பார்த்துச் சொல்லிவிடுவது சுலபமான வழி. ஆனால் அந்த வழி நம்மைச் சந்தியில் கொண்டுபோய் விட்டுவிடும்.

அந்த அரை இறுதியில் மும்பை அணியில் ஆடியவர் ஷ்ரேயாஸ் ஐயர். பெயரில் 'ஐயர்' இருக்கிறது. ஆனால் அவர் பிறந்தது மும்பையில். படித்தது மாட்டுங்கா டான் பாஸ்கோ பள்ளியில். எதிரே தமிழ்நாட்டுக்காக ஆடியவர்களில் ஒருவர் சந்தீப் வாரியர். அவருடைய சொந்த ஊர் கேரளத்துத் திருச்சூர். 1987-88-ல் ரஞ்சி கோப்பையை வென்ற தமிழ்நாடு அணியில் இருந்த ராபின் சிங், கடல் கடந்த டிரினிடாடில் பிறந்தவர். ராஞ்சிக்காரரான தோனியைச் சென்னை ரசிகர்கள் 'தல' என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

ஆக, பெயரும் பிறந்த ஊரும் கணக்குக்கு உதவாது. எந்த மைதானத்தில் ஆடி வளர்ந்தார், எந்த ஊருக்காக வியர்வை சிந்தினார் என்பதே கணக்கு.

வரைபடத்தைப் பார்த்தா?

மாநில எல்லையைக் கோடாக வைத்துக் கொள்ளலாமே என்றால், கிரிக்கெட் வாரியமே அப்படி வைத்துக் கொள்ளவில்லை. மராட்டிய மாநிலத்துக்குள் மும்பை, மகாராஷ்டிரா, விதர்பா என்று மூன்று ரஞ்சி அணிகள். அதே 2024-ல் வான்கடே மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் மோதியவை மும்பையும் விதர்பாவும்! மும்பை 169 ரன் வித்தியாசத்தில் வென்று, 42-வது முறையாகக் கோப்பையைத் தூக்கியது.

எங்கள் ரெயில்வே அணியின் கதை இன்னும் வேடிக்கை. அதற்கு மாநிலமே கிடையாது. இருந்தும் 2001-02, 2004-05 ஆகிய இரண்டு பருவங்களில் ரஞ்சி கோப்பையை வென்றது. சென்னையில் பிறந்த முரளி கார்த்திக் ரெயில்வேக்காக ஆடித்தான் இந்திய அணிக்குப் போனார். 1987-88 இறுதி ஆட்டத்தில் தமிழ்நாடு வீழ்த்தியதும் ரெயில்வேயைத்தான். அன்று ரெயில்வேயில் சம்பளம் வாங்கிய தமிழர் யாருக்குக் கை தட்டியிருப்பார்? அவரைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டு மழை

விளையாட்டில் இது வெறும் சுவாரசியம். செய்தியில் அப்படி அல்ல.

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மின்சார ரெயில்கள் நின்றன, நகரம் மூழ்கியது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 946 மில்லிமீட்டர் பெய்தது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அடித்துச் சென்றதால், சுமார் 800 பயணிகள் வழியின்றித் தவித்தார்கள்.

மும்பைப் பத்திரிகைகளுக்கு முதல் மழை உள்ளூர், இரண்டாவது வெளிமாநிலம். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளுக்கு அதுவே தலைகீழ். நமக்கோ இரண்டும் வீட்டுக்குள் வந்த வெள்ளம். ஊருக்கு போன் கிடைக்கவில்லை என்று, டிசம்பரில் எங்கள் அலுவலக ஜன்னலுக்கு வந்து 'வண்டி எதுவரை போகும்?' என்று கேட்டவர்களுக்கு, 1,500 கிலோமீட்டர் தூரம் ஒரு தூரமாகவே தெரியவில்லை.

இதில் இருந்து எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. படித்துவிட்டு மடித்து வைக்கும் செய்தி வெளியூர்ச் செய்தி. மறுநாள் காலை நமக்கு வேலை வைக்கிற செய்தி உள்ளூர்ச் செய்தி.

நடுவில் விழும் செய்தி

இந்த அளவுகோலால் அளந்தால், தாராவி மறுசீரமைப்பை விடப் பெரிய உள்ளூர்ச் செய்தி எது? 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-ந் தேதிக்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது திட்டம். பிறகு வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் வீடு தாராவிக்கு வெளியே. ஒரு தேதி, ஒரு மாடிப்படி. ஒரு குடும்பம் எங்கே வாழப்போகிறது என்பதை இந்த இரண்டும் தீர்மானிக்கின்றன. டிரங்குப் பெட்டியைக் கிளறிப் பழைய மின் கட்டண ரசீதைத் தேட வைக்கிற செய்தி இது.

மும்பைப் பத்திரிகைகள் இதை விரிவாக எழுதுகின்றன. ஆனால் அதில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த மூதாட்டிக்கு எந்தக் காகிதம் வேண்டும் என்ற விவரம் தமிழில் கிடையாது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளுக்கோ தாராவி வெளிமாநிலம். மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளும் இப்படித்தான். அங்கே ஆசிரியர் இல்லாவிட்டால் மராத்திப் பத்திரிகைக்கு அது சிறு செய்தி. சென்னைக்குச் செய்தியே அல்ல. ஹாரிஸ் கேடயப் பள்ளிக் கிரிக்கெட்டில் நம் தெருப் பையன் 5 விக்கெட் எடுத்தாலும் அதே கதி.

இரண்டு ஊர் உள்ளவனுக்கு இரண்டு மடங்கு செய்தி வர வேண்டும். நடப்பதோ வேறு. அந்த ஊர்க்காரன் என்று இவர்களும், இந்த ஊர்க்காரன் என்று அவர்களும் விட்டுவிட, அவன் செய்தி நடுவில் விழுந்து விடுகிறது. கோவில் கொடை நோட்டீசுக்கும் சங்கத்து மாலை மரியாதைக்கும் இடம் தருகிற நம் பக்கம், நடுவில் விழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். நாம் எடுக்காவிட்டால் எடுக்க வேறு ஆள் இல்லை.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரமுகர் வந்து போன புகைப்படத்தைத் தாராளமாகக் கொடுங்கள். அதோடு, உங்கள் வார்டில் தண்ணீர் வராத கிழமையையும், உங்கள் பள்ளியில் காலியாக இருக்கும் ஆசிரியர் நாற்காலியையும், மைதானத்தில் ஜெயித்த பையனின் பெயரையும் சொல்லுங்கள். அந்தப் பெயர் தமிழ்ப் பெயராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவன் நம் தெருப் பையன்.