உங்களுக்குத் தெரியுமா? தொழில் பெற்ற தொழில்கள்

சிவகாசி காலண்டருக்குத் தாய், தீப்பெட்டி! 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். வானம் பார்த்த பூமி. விவசாயத்துக்குச் சாபமான அந்த வறட்சி, குச்சியும் மருந்தும் காய்வதற்குத் தோதாக அமைந்தது. பெட்டிமேல் ஒட்ட லேபிள் வேண்டுமே? அதற்காக வந்த அச்சு இயந்திரங்கள் பிறகு காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் எனக் கிளைவிட்டன. மருந்து கலந்து பழகிய ஊர் பட்டாசுக்கும் போனது. இவ்வளவையும் தாங்கி நின்றவை குச்சி அடுக்கிய, பெட்டி ஒட்டிய பெண்களின் கைகள். அவர்களைச் சொல்லாமல் சிவகாசிக் கதையைச் சொல்லக் கூடாது.

கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியது 1888-இல். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் நூற்பாலைகள் பெருகின. மில் இயந்திரங்களைப் பழுது பார்க்கப் பட்டறைகள் வந்தன. வார்ப்படத்துக்கு ஃபவுண்டரிகள் வந்தன. கிணற்றுப் பாசன விவசாயிகள் பம்பு கேட்டார்கள். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்தே காட்டினார்கள். மாவாட்டும் கிரைண்டர் வரை நீண்ட வரிசை இது. நூல் விலை சரியும்போதும் ஊர் மொத்தமாகப் படுத்துவிடாததற்கு இந்தக் கிளைகளே காரணம் என்பேன்.

திருப்பூர் இதற்கு நேர்மாறு. கிளை பரப்பாமல் ஒரே தொழிலில் ஆழமாக இறங்கிய ஊர். ஒரு பனியன் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங் என்று பல கைகள் மாறும்; பெரும்பாலும் ஒவ்வொன்றும் வேறு வேறு முதலாளியிடம். வேகத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் ஒரு கண்ணி அறுந்தால்? 2011 ஜனவரியில், கழிவுநீரை வெளியே விடாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். சாயம் நின்றதும் தையல் வரை திணறிப்போனது. சாயக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றின் நிலையைப் பார்த்தவர்கள் அந்த உத்தரவைத் தவறு என்று சொல்ல மாட்டார்கள்.

சேலத்து ஜவ்வரிசி, போர் தந்த தொழில். இரண்டாம் உலகப் போரில் கடல் கடந்து வந்த சரக்கு நின்றுபோக, மரவள்ளிக் கிழங்கிலிருந்து இங்கேயே எடுக்கத் தொடங்கினார்கள். 1981-இல் விற்பனைக்கென்றே சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது.



திருச்சியில் 1960-களில் பெல் (BHEL) கொதிகலன் ஆலை வந்ததும் துவாக்குடிப் பக்கம் ஃபேப்ரிகேஷன் ஷெட்டுகள் முளைத்தன. வேலை கற்றுக் கொடுத்ததும் பெல், வேலை கொடுத்ததும் பெல். அனல்மின் நிலையங்களுக்கான கொதிகலன் ஆர்டர் குறைந்தபோது, ஒரே வாடிக்கையாளரை நம்பிய ஷெட்டுகளுக்குப் போக வேறு வாசல் இல்லை. அங்கிருக்கும் வெல்டர்களின் கைத்திறனுக்கு இன்னும் பல வாசல்கள் திறந்திருக்க வேண்டும்.

கரூரில் படுக்கை விரிப்பும் கொசுவலையும் ஒரே கட்டிலுக்கு. அதே ஊரில் பஸ் பாடி கட்டும் தொழிலோ, தனிப் பாதையில் வளர்ந்தது!