பூஜ்யமும் வெற்றிடமும்

களத்தில் நெல்லைத் தூற்றுவோர், பதரை நீக்குவதில் எவ்வளவு கருத்தாக இருப்பரோ, மணி பறந்துபோகாமல் காப்பதிலும் அவ்வளவு கருத்தாக இருப்பர். பயனாளிகள் பட்டியலைச் சலித்துத் தகுதியுடைய முதற்பெயரைக் கண்டெடுக்கும் பணியும் இத்தகையதே. இன்று கணிப்பொறி இதனை நொடியில் முடிக்கிறது. ஆயினும் பதர் எது, மணி எது என்பதை நாமே அதற்குச் சொல்லித்தர வேண்டும்.

2016-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். இதற்கு 2011-ஆம் ஆண்டின் சமூக, பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு அடிப்படையாயிற்று. வீடற்றோர் முதலிலும், பூஜ்யம், ஒன்று, இரண்டு என்ற அறைக் கணக்குடைய கச்சா வீடுகளில் வாழ்வோர் அடுத்தடுத்தும் வரிசைப்படுத்தப்பட்டனர். ஒவ்வொரு பிரிவிலும் தொன்மைப் பழங்குடியினரும், சட்டப்படி விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகளும் முன்னிடம் பெறுவர். செங்கற் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் வாழும் திருவள்ளூர் மாவட்டத்திற்கு இவ்விதி மிக முக்கியமானதாகும்.

இனி, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த ஒரு சிற்றூரின் பட்டியலைக் கற்பனை செய்வோம். முதல் குடும்பத்தின் அறைக் கணக்கு ‘0’. இரண்டாவதற்கு அக்கட்டம் வெறுமையாக உள்ளது. மூன்றாவதற்கு ‘1’. “அறை விவரம் உள்ளவரை மட்டும் எடு” என்று கட்டளையிடுகிறோம். கணிப்பொறி மொழிகள் பலவற்றில், கவனமின்றி எழுதப்பட்ட நிபந்தனை பூஜ்யத்தையும் ‘இல்லை’ என்றே கொள்ளும். ஆகவே முதலிரு குடும்பங்களும் தள்ளப்பட்டு, மூன்றாவது குடும்பம் முதலிடம் பெறுகிறது. பிழைச் செய்தி ஏதும் தோன்றுவதில்லை. ஓர் அறைகூட இல்லாத குடும்பம், அக்காரணத்தினாலேயே வீட்டை இழக்கிறது!

இதனைத் தவிர்க்க நான்கு நெறிகள் போதும். பூஜ்யம் ஒரு விடை. அதனை ஏற்க வேண்டும். வெற்றிடம் கேட்கப்படாத வினா. நேரிற் சென்று கேட்டறிந்த பின்னரே தீர்மானிக்க வேண்டும். நீக்கப்பட்ட பெயருக்கு எதிரே காரணம் எழுதப்பட வேண்டும். தகுதியுடையோர் எவரும் எஞ்சாவிடில் ‘எவருமில்லை’ என்றே விடை வர வேண்டும். ஏதோ ஒரு பெயரால் அவ்விடத்தை நிரப்பலாகாது.

மூலப்பட்டியலை அழியாமல் காப்பதும் இன்றியமையாதது. இரு சக்கர வாகனம் வைத்திருப்போர் முன்பு தகுதியற்றோராகக் கருதப்பட்டனர். 2024-ஆம் ஆண்டில் அத்தடை நீக்கப்பட்டது. சல்லடையின் கண் மாறும்போது, தூற்றிய குவியலையும் மீண்டும் சலிக்க வேண்டுமன்றோ?

கணிப்பொறி காணாததைக் கிராம சபை காணும். எனவே பட்டியல் வாசிக்கப்படும் நாளில், தேர்வுபெற்ற பெயர்களோடு நீக்கப்பட்ட பெயர்களையும் காரணங்களையும் வாசிக்கச் செய்வோமாக. தம் அண்டை வீட்டாருக்குக் கூரையுண்டா என்பதை ஊரார் நன்கு அறிவர்.