மடியில் வந்த புண். மனிதனைக் காத்த மருந்து!

பசுவின் மடியில் கொப்புளம் கிளம்பினால் என்ன ஆகும்? கை வைத்தால் பசு உதைக்கும். பால் குறையும். கறப்பவர் கையிலும் புண் வரும்.

இந்தப் புண்ணைக் கண்டு ஊரே முகம் சுளித்த காலத்தில், ஒரு விவசாயி அதைத் தேடிப் போனார்! எதற்குத் தெரியுமா? தன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதை ஒட்டவைப்பதற்கு!

இது நடந்தது இங்கிலாந்தில். ஆண்டு 1774. டார்செட் பகுதியில் யெட்மின்ஸ்டர் என்று ஒரு சிற்றூர். விவசாயியின் பெயர் பெஞ்சமின் ஜெஸ்டி.

அந்த ஆண்டு அங்கே பெரியம்மை பரவியது. பலர் மாண்டார்கள். பிழைத்தவர்களுக்கு முகமெல்லாம் தழும்பு. சிலருக்குக் கண்ணே போயிற்று. ஆனால், பால் கறக்கும் பெண்களைப் பெரியம்மை தொடாது என்று கிராமத்தில் ஒரு பேச்சு இருந்தது.

மாட்டம்மை

காரணம் என்ன? மாட்டம்மைதான்! இது பசுவின் மடியிலும் காம்பிலும் வரும் தோல் நோய். முதலில் சிவந்து தடிக்கும். பிறகு கொப்புளமாகும். அது உடைந்து பொருக்குத் தட்டும். சில வாரங்களில் ஆறிவிடும். கறக்கும்போது கொப்புள நீர் பட்டு, கறப்பவர் கையிலும் தொற்றும். ஒரு மாட்டிலிருந்து அடுத்த மாட்டுக்கு நோயைக் கொண்டுபோவதும் அந்தக் கைதான்.

ஜெஸ்டிக்கு முன்பே மாட்டம்மை வந்திருந்தது. அவரிடம் வேலை பார்த்த இரண்டு பெண்களுக்கும் வந்திருந்தது. அந்தப் பெண்கள் பெரியம்மை கண்ட உறவினருக்குப் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை! ஜெஸ்டி யோசித்தார். தனக்குப் பயம் இல்லை. மனைவி எலிசபெத்துக்கு? இரண்டு சின்னஞ்சிறு மகன்களுக்கு?

பக்கத்தில் ஒரு பண்ணையில் பசுக்களுக்கு மாட்டம்மை கண்டிருந்தது. மூவரையும் அங்கே அழைத்துப் போனார். மடிப் புண்ணிலிருந்து நீரை எடுத்தார். காலுறை பின்னும் ஊசியால் மூவர் கையிலும் கீறித் தடவினார்.

பிள்ளைகளுக்குச் சீக்கிரம் குணமாகிவிட்டது. ஆனால் மனைவியின் கை வீங்கிவிட்டது. உடல்நிலை மோசமாகியது. ஜெஸ்டியின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! நல்லவேளை, எலிசபெத் பிழைத்துக்கொண்டார்.

ஊரார் சும்மா இருப்பார்களா? ஜெஸ்டி சந்தைக்குப் போனால் கூச்சலிட்டார்கள். கையில் கிடைத்ததை எடுத்து எறிந்தார்கள். பிற்காலத்தில் அந்த மகன்களுக்குப் பெரியம்மை நீரையே குத்திப் பார்த்தபோதும் நோய் வரவில்லை.

ஜென்னர் வந்தார்

22 ஆண்டுகள் சென்றன. 1796 மே 14-ந் தேதி டாக்டர் எட்வர்டு ஜென்னர், சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்ற 8 வயதுச் சிறுவனுக்குக் குத்தினார். ஜூலையில் பெரியம்மை நீரையும் குத்தினார். பையனுக்கு அம்மை போடவில்லை! (இன்று ஒரு டாக்டர் இப்படிச் சோதித்தால் ஜெயிலுக்குத்தான் போவார்.)

ஜென்னர் தம் சோதனைகளை 1798-ல் புத்தகமாக வெளியிட்டார். ஜெஸ்டி எதையும் எழுதி வைக்கவில்லை. புகழ் ஜென்னருக்குப் போயிற்று. அதிலும் நியாயம் உண்டு. புத்தகம் வந்த பிறகுதானே உலகம் அம்மை குத்திக்கொண்டது! 'வாக்சின்' என்ற சொல்லே, பசுவைக் குறிக்கும் 'வாக்கா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். 1980-ல் பெரியம்மை உலகிலேயே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

நம் தொழுவத்தில்

பெரியம்மை ஒழிந்தது, மடிப் புண் ஒழியவில்லை. மாட்டம்மைக்கு உறவான எருமை அம்மை நம் நாட்டில் இன்றும் வருகிறது. அதுவும் மடியில் வரும். கறப்பவர் கையிலும் ஒட்டும். அம்மை குத்துவது நின்றபின் பிறந்தவர்களுக்கு அந்தப் பழைய பாதுகாப்பும் கிடையாது.

ஆகவே, புண் உள்ள மாட்டைக் கடைசியில் கறங்கள். கறக்கும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். உங்கள் கையில் கீறல் இருந்தால் வேறொருவரைக் கறக்கச் சொல்லுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள். வலிக்கிறதே என்று பாலை மடியிலேயே விட்டுவிடவும் கூடாது. பால் தேங்கினால் மடிவீக்கம் வரும். அப்புறம் காம்பே அடைபட்டுப் போகலாம்.

மடியில் மட்டுமின்றி வாயிலும் குளம்பிலும் கொப்புளம் தெரிகிறதா? அது கோமாரியாக இருக்கலாம். அன்றைக்கே கால்நடை டாக்டருக்குச் சொல்லி அனுப்புங்கள்.