எண்மக் கடிகார முகப்பு நிரலை எளிமையாக்கல்

எண்மக் கடிகாரத்தின் திரையில் நேரம், அலாரம், கதிரவன் உதிக்கும் நேரம் போன்றவற்றுள் ஏதேனும் ஒன்றைக் காட்டும் நிரல் பகுதி கடிகார முகப்பு எனப்படும். இது கடிகாரச் சில்லில் பதிக்கப்படும் நிலைபொருளின் ஒரு பகுதியாகும். விடை மாறாமல் கணக்கீடுகளைக் குறைத்து, பிறர் படித்துத் திருத்தக்கூடிய வடிவில் நிரலை அமைப்பதே முகப்பு நிரலை எளிமையாக்கல் ஆகும். வரிகள் குறைந்தும் விடை தவறினால் அது எளிமையாக்கல் ஆகாது.

வன்பொருள்

காசியோ நிறுவனம் 1989இல் வெளியிட்ட எஃப்-91டபிள்யூ கைக்கடிகாரம் இந்தியாவிலும் பரவலாக அறியப்பட்டது. அதன் உள்பலகைக்கு மாற்றாக ஜோயி காஸ்டிலோ உருவாக்கிய பலகை சென்சர் வாட்ச் ஆகும். பழைய கூடும் திரையும் பொத்தான்களும் அப்படியே இருக்க, பலகை மட்டும் மாறும். இதிலுள்ள சாம் எல்22 நுண்கட்டுப்படுத்தியில் 256 கிலோபைட் நிரல் நினைவகமும் 32 கிலோபைட் தற்காலிக நினைவகமும் உள்ளன. பதின்மப் புள்ளி எண்களைக் கணக்கிடத் தனி வன்பொருள் இதில் இல்லை. சிஆர்2016 என்னும் சிறு பொத்தான் மின்கலத்தில் இது இயங்குகிறது. எனவே சில்லு பெரும்பாலும் உறங்கி, தேவையானபோது மட்டும் விழித்து வேலை செய்ய வேண்டும்.

முகப்பின் அமைப்பு

சென்சர் வாட்சின் மூவ்மென்ட் என்னும் திறமூல நிலைபொருள் சி மொழியில் எழுதப்பட்டது. இதில் ஒவ்வொரு முகப்புக்கும் நான்கு செயற்கூறுகள் உண்டு. முதலாவது நினைவிடத்தை ஒதுக்கும். இரண்டாவது முகப்பு திரைக்கு வரும்போது இயங்கும். மூன்றாவது பொத்தான் அழுத்தம், விநாடித் துடிப்பு போன்ற நிகழ்வுகளுக்கு விடையளிக்கும். நான்காவது முகப்பு திரையை விட்டு நீங்கும்போது இயங்கும். மூன்றாவது செயற்கூறே நீண்டு சிக்கலாகும். நேரம் எழுதுதல், மின்கல அளவைப் பார்த்தல், மணி ஒலித்தல் ஆகியவற்றைத் தனித்தனிச் சிறு செயற்கூறுகளாகப் பிரிப்பது எளிமையாக்கலின் முதற்படி.

மாறியதை மட்டும் எழுதுதல்

இச்சில்லின் கடிகாரம் ஆண்டு முதல் விநாடி வரை அனைத்தையும் 32 பிட் கொண்ட ஒரே எண்ணில் வைக்கிறது. கடைசி 6 பிட் விநாடி. அதற்கு முந்தைய 6 பிட் நிமிடம். தற்போதைய எண்ணையும் முந்தைய எண்ணையும் 6 பிட் வலப்புறம் நகர்த்தி ஒப்பிட்டு, இரண்டும் சமமானால் விநாடி மட்டுமே மாறியுள்ளது என்று அறியலாம். அப்போது திரையில் இரண்டு இலக்கங்களை எழுதினால் போதும். ஒரு நிமிடத்தின் 60 துடிப்புகளில் 59இல் இதுவே நிகழும். நாள், மணி, நிமிடம் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஒப்பிடும் பல வரிகளை இந்த ஒரே ஒப்பீடு நீக்குகிறது.

கடலூர், சிதம்பரம்: ஓர் எடுத்துக்காட்டு

இந்திய சீர்நேரம் கிழக்கு 82.50 பாகைத் தீர்க்கக்கோட்டை அடிப்படையாகக் கொண்டது. அதற்கு மேற்கே உள்ள ஊர்களில் உள்ளூர் நண்பகல் சற்றுப் பிந்தும். புவி ஒரு பாகை சுழல 240 விநாடி ஆகிறது. இந்தப் பிந்தலைக் காட்டும் முகப்பொன்றை எழுதுவதாகக் கொள்வோம்.

மூவ்மென்ட் தீர்க்கக்கோட்டைப் பாகையின் நூறில் ஒரு பங்காக, முழு எண்ணில் வைக்கிறது. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை ஏறத்தாழ 79.78 பாகை, அதாவது 7978; சிதம்பரம் ஏறத்தாழ 79.69 பாகை, அதாவது 7969. பதின்மப் புள்ளி இல்லாமலே கணக்கிடலாம்:

கடலூர்: (8250 − 7978) × 240 ÷ 100 = 652 விநாடி (10 நிமிடம் 52 விநாடி)
சிதம்பரம்: (8250 − 7969) × 240 ÷ 100 = 674 விநாடி (11 நிமிடம் 14 விநாடி)

இவை ஆண்டுச் சராசரி மதிப்புகள். கதிரவனின் உண்மையான உச்சி நேரம் நாளுக்கு நாள் இதிலிருந்து விலகும்.

சுருக்கும்போது நேரும் பிழைகள்

முதற்பிழை வரிசை மாற்றம். முதலில் 100ஆல் வகுத்துவிட்டால் 272, 281 இரண்டும் 2 ஆகிவிடும். இரு ஊர்களுக்கும் 480 விநாடி என்ற ஒரே தவறான விடை வரும்.

இரண்டாம் பிழை எளிதில் கண்ணில் படாது. நினைவகத்தைச் சேமிப்பதாக எண்ணி, பெருக்கல் விடையைக் குறியற்ற 16 பிட் மாறியில் வைத்தால், அது 65535 வரையே கொள்ளும். கடலூருக்கு 272 × 240 = 65280; விடை சரியாக வரும். சிதம்பரத்துக்கு 281 × 240 = 67440; மாறி நிரம்பி வழிந்து 1904 மட்டும் எஞ்சும். அதை 100ஆல் வகுத்தால் 674க்குப் பதில் 19 விநாடி என்று திரை காட்டும். கடலூர்க் கடற்கரையில் சோதித்துச் சரி என்று முடிவு செய்த நிரல், தெற்கே 40 கிலோமீட்டர் அளவில் உள்ள சிதம்பரத்தில் தவறிவிடும். நிரல் நிற்காது, எச்சரிக்கையும் தராது.

இச்சில்லு 32 பிட் எண்களையே இயல்பாகக் கையாளுவதால், இடைவிடையை 16 பிட்டாகச் சுருக்குவதில் பயனும் இல்லை. குறியுள்ள 32 பிட் மாறியே இங்கு எளிமையான தீர்வு.

சரிபார்த்தல்

சுருக்குவதற்கு முன்பும் பின்பும் ஒரே உள்ளீடுகளைக் கொடுத்து விடைகளை ஒப்பிட வேண்டும். மேற்கண்ட முகப்புக்குக் கடலூர் மட்டும் போதாது. எல்லையைத் தாண்டும் சிதம்பரம், விடை சுழியாகும் 82.50 பாகை, விடை எதிர்மமாகும் கொல்கத்தா ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். கொல்கத்தா ஏறத்தாழ 88.36 பாகையில் இருப்பதால் விடை −1406 விநாடி. குறியற்ற மாறி இதைக் காட்டவே இயலாது. இந்த நான்கு உள்ளீடுகளிலும் விடை மாறாதிருந்தால், செய்த சுருக்கத்தை ஏற்கலாம்.